கல்லூரிக்குப் போனதும் கம்பெனிக்குப் போனதும்

திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் பல வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது. பையனை நான்கு ஆண்டு பொறியியல் படிக்க வைப்பதா, பாலிடெக்னிக்கில் சேர்ப்பதா, இல்லை நேராகக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதா? இந்தப் பக்கத்தில் கம்பெனி என்றால் அது பனியன் கம்பெனிதான். 1999-ல் எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. நான் சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் சேர்ந்தேன். என் பெரியப்பா மகனான அண்ணன் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு அதற்கு முன்பே திருப்பூருக்குப் போயிருந்தார். என்னோடு படித்த நண்பன் ஒருவன் டிப்ளமோ முடித்துவிட்டுக் கோவை கணபதியில் லேத் பட்டறைக்குப் போனான். சில ஆண்டுகள் கழித்து என் தங்கை கலைக் கல்லூரியில் கணிதம் படித்தாள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது என்பதால், இன்று அதே கேள்வியோடு நிற்கும் வீடுகளுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு எழும்போது ஒப்பிடப்படும் ஆட்களே பெரும்பாலும் தவறான ஆட்கள். படிப்பு வீண் என்கிறவர் ஒரு பக்கம் பி.இ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலையும் பையனையும், மறுபக்கம் எட்டாம் வகுப்பைத் தாண்டாமலே நூறு மிஷின் போட்டு ஏற்றுமதி செய்யும் முதலாளியையும் நிறுத்துவார். படிப்பே கதி என்கிறவர் அமெரிக்காவில் வீடு வாங்கிய மென்பொருள் பொறியாளரையும், ஐம்பது வயதில் கண் மங்கி ஓவர்லாக் தையல் மிஷினில் வேகம் குறைந்துபோன டெய்லரையும் நிறுத்துவார். இரண்டு பேருமே உச்சியில் நிற்பவனைப் பள்ளத்தில் கிடப்பவனோடு ஒப்பிடுகிறார்கள். சுமாரான கல்லூரியில் அரியர் இல்லாமல் பட்டம் வாங்கி, சுமாரான வேலைக்குப் போனவனையும், பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்து டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ சிறு காண்ட்ராக்டராகவோ நிலைத்தவனையும்தான் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் இந்த நடுப்பகுதிதான்.

முதலில் பணம். அண்ணன் கைமடியாகச் சேர்ந்தார். டெய்லர் தைத்துத் தள்ளும் துண்டுகளை எடுத்துப் பிசிறு நூலை வெட்டி, அடுத்த துண்டைப் பொருத்தி நீட்டுவது அந்த வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் கணக்காகும். சனிக்கிழமை இரவு சம்பளம் கைக்கு வந்துவிடும். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் ஓவர்லாக் டெய்லராகிப் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். 2003-ல் நான் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த மாதச் சம்பளம் அவருடைய இரண்டு வாரக் கூலிகூட இல்லை. அந்த ஆண்டு ஊரில் யாராவது எங்கள் இருவரையும் தராசில் நிறுத்தியிருந்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

இன்றைய கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்கு 2017-ல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 ரூபாய். 55,000 கணக்கில் நான்கு ஆண்டுக்கு 2,20,000 ரூபாய் ஆகிறது. விடுதி, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி என்று சேர்த்துக்கொண்டே போனால் அது இரண்டு மடங்காவது பெரிய காரியமில்லை. அதே நான்கு ஆண்டு அந்தப் பையன் மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்திருப்பான் என்று வைத்துக்கொண்டால், கைவிட்ட கூலி மட்டும் 5,76,000 ரூபாய். படிப்புக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசும் பெற்றோர் பலரும் முதல் தொகையை மட்டுமே எண்ணுகிறார்கள்; உண்மையில் பெரிய தொகை இரண்டாவது.

கல்விக் கடன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையம் தேவையில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பதால் பணம் இலவசமாக வருவது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் தவணை கட்டும் நாளில் முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என்று மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். அதாவது பையன் முதல் தவணை கட்டும் முன்பே கடன் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இந்த இடைக்கால வட்டியைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-ல் தொடங்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு 2010-11 முதல் கற்பிப்புக் கட்டணச் சலுகை தருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் பள்ளிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டுக் கல்லூரிக்குக் கடன் தேடும் வீடுகள் நாமக்கல், ஈரோடு பக்கம் நிறைய இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கற்றுக்கொண்டது என்ன என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. முதலாம் ஆண்டுப் பட்டறை வகுப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி வி வடிவத்தில் வெட்டச் சொன்னார்கள். அந்தத் தகட்டை நான் ராவி முடித்ததே பெரிய சாதனை என்று நினைத்திருந்தேன். கணபதியில் நண்பனுடைய பட்டறைக்குப் போனபோது, பள்ளிக்கூடத்தை முடிக்காத ஒரு பையன் பம்புக்குள் சுழலும் சக்கரமான வார்ப்பு இம்பெல்லரை லேத்தின் பிடியான சக்கில் மாட்டி, டயலை ஒட்டி வைத்து, இரண்டு தட்டுத் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கைவேலையைக் கல்லூரி கற்றுத் தரவில்லை, தரவும் முடியாது.

கல்லூரியின் பயன் வேறோர் இடத்தில் தெரிந்தது. பம்ப் கம்பெனியில் ஒருமுறை பேரிங் சூடாகிறது என்று தொடர்ந்து புகார் வந்தது. சுழலும் தண்டான ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் சில மைக்ரான் கூடினால் பேரிங் இறுகிச் சூடாகும், குறைந்தால் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றித் தேய்த்துவிடும். கடைசல் போட்டவர் வரைபடத்தில் இருந்த அளவுக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார். அந்த அளவே தவறு என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஏன் அந்த அளவு என்று கேட்கவும், கணக்குப் போட்டுக் காட்டவும், அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதமாக எழுதவும் நான்கு ஆண்டுப் படிப்பு எனக்குக் கற்றுத் தந்திருந்தது. இந்த மூன்றுக்கும் சந்தையில் விலை உண்டு என்பது வேலையில் சேர்ந்து நாலைந்து ஆண்டு கழித்துத்தான் சம்பளத்தில் தெரிய ஆரம்பித்தது.

அண்ணன் கற்றதும் சிறிதல்ல. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் உரசிப் பார்த்து நூற்று அறுபது ஜி.எஸ்.எம்., நூற்று எண்பது ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்று சொல்வார்; பிறகு வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். நூல் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு டீ-ஷர்ட்டின் விலையைத் தாளும் பேனாவும் இல்லாமல் அடுக்கிச் சொல்லிவிடுவார். எம்.பி.ஏ. முடித்து வந்து ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் அவரிடம்தான் கணக்குக் கேட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரரோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததும் மின்னஞ்சல் எழுதியதும் அந்த மெர்ச்சண்டைசர்களே. நடுவில் நிற்கும் அந்த ஒரு சுவரைத் தாண்ட அவருக்குக் கடைசிவரை வழி கிடைக்கவில்லை.

டீக்கடைப் பேச்சில் இந்த இடத்தில் யாராவது ஒருவர், “ஏனுங்க, ஜி.டி.நாயுடு என்ன பி.இ. படிச்சுப்போட்டா மோட்டார் செஞ்சாரு?” என்று கேட்டே தீருவார். கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொடங்கியவர் அவர் என்பது உண்மைதான். அதே நாயுடுதான் 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முன்னின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி.யின் தொடக்கம் அது. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டு ஆண்டு போதும் என்று அவர் வாதாடினார். அதை ஏற்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார். படிப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய சண்டை படிப்பின் நீளத்தோடுதான்.

அந்தச் சண்டைக்கு இன்று ஒரு விடை இருக்கிறது என்பது என் எண்ணம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நாயுடு கேட்ட அதே இரண்டு ஆண்டில் டிப்ளமோ கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் நுழையலாம். நேராக பி.இ. படிப்பதைவிட மொத்தத்தில் ஓராண்டு கூடுதல்; ஆனால் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அந்த நிறுத்தத்தில் இறங்கி வேலை பார்த்து, இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொண்டு மறுபடி ஏறலாம். நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் இறங்குகிறவனுக்கு அரியர் பட்டியலைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

கணபதிக்குப் போன என் நண்பன் செய்தது ஏறக்குறைய இதுதான். அவன் பத்தாம் வகுப்பிலேயே டிப்ளமோவுக்குப் போனவன். பகலில் பட்டறையில் நின்றான்; பணி அனுபவம் சேர்ந்ததும் மாலை வகுப்பில் பி.இ. சேர்ந்தான். வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்கான இந்தப் பகுதிநேரப் படிப்பை ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. டெக் போன்ற கல்லூரிகள் கோவையில் நெடுங்காலமாக நடத்தி வருகின்றன. எண்ணெய்க் கறை போகாத கையோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வான். காலையில் ஓட்டிய எந்திரத்தைப் பற்றி மாலையில் பாடம் கேட்டவனுக்கு நினைவில் நின்ற அளவு எனக்கு நிற்கவில்லை. எங்கள் நால்வரில் படிப்பையும் தொழிலையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். இன்று நிலையில் முந்தி நிற்பவனும் அவன்தான்.

வருமானத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் விடுபட்டுப்போகும் ஒன்று இருக்கிறது: சரிவு வரும்போது எது கையில் மிஞ்சுகிறது என்பது. அண்ணன் 2006 வாக்கில் மச்சினன்மார்களிடமும் சீட்டிலும் பணம் புரட்டிச் சொந்தமாகப் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மிஷின் வரிசை) போட்டார். 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் ஆற்றில் கலக்கும் சாயக்கழிவுக்கு எதிரான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றுப் பாசனத்தை இழந்து பல ஆண்டு போராடிய உழவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அது வரவேண்டிய தீர்ப்பு. ஆனால் துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி வரவழைக்க வேண்டிய நிலையில் ஆர்டர்கள் தாமதமாயின. பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நம்பியிருந்த சிறு யூனிட்டுகளுக்கு வேலை வரவில்லை, மிஷின் தவணையும் வட்டியும் மட்டும் தவறாமல் வந்தன. தட்டுத்தடுமாறி எழுந்தவரை 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை சம்பளத்துக்கு ரொக்கம் இல்லை. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்தபோது மிஷின்களை விற்றுவிட்டு இன்னொருவர் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கப் போனார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது, நல்ல வேளை நாம் முதலாளியாக இல்லை என்று அவரே சொன்னார்.

படித்த வேலையும் சரியத்தான் செய்கிறது. 2008-ல் என் நண்பர்கள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையிழந்தார்கள். நானும் சில மாதம் வீட்டில் இருந்தேன். ஆனால் எங்களிடமிருந்து போனது சம்பளம் மட்டும். தோட்டப் பத்திரம் வங்கியில் போய் உட்காரவில்லை; மாமனாரிடம் வாங்கிய பணத்துக்காக ஊர்த் திருவிழாவான நோன்பிக்குப் போவதைத் தவிர்க்க வேண்டியிருக்கவில்லை. படிப்புக்காகப் பட்ட கடனுக்கு ஓர் எல்லை உண்டு, இன்ன தொகை என்று முதல் நாளே தெரியும். தொழிலில் படும் நட்டத்துக்கு அப்படி எல்லை கிடையாது. அதே போல, லாபத்துக்கும் எல்லை கிடையாது என்பதைத் தொழில் பக்கம் நிற்பவர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த ஊர்கள் வளர்ந்தன.

இங்கேதான் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி வருகிறது. கைமடியாகச் சேர்ந்தவன் முதலாளியான கதைகள் திருப்பூரில் உண்மையிலேயே நடந்தவை. ஆனால் அவற்றை அருகில் போய்ப் பார்த்தால், முதல் நான்கு மிஷினுக்கான பணம் தோட்டத்தை அடமானம் வைத்தோ, சொந்தக்காரர் முன்பணம் கொடுத்தோ, சம்பந்தி வீட்டுக் கம்பெனி ஜாப் ஒர்க் தந்தோ வந்திருக்கும். நிலமும் உறவும் இருந்த சாதிகளுக்கு அந்த ஏணி இருந்தது. அதே கம்பெனியில் அதே ஆண்டு சேர்ந்த அருந்ததியர் வீட்டுப் பையன் அதே அளவு திறமையோடு இன்றும் டெய்லராகவே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு முன்பணம் தர மாமன் வீட்டில் தோட்டம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பட்டமும், அருந்ததியருக்கென்று 2009-ல் வந்த 3 சதவீத உள்ஒதுக்கீடும், அரசுத் தேர்வும்தான் முன்பணம். விழுந்தால் தாங்க ஆளிருக்கும் வீடு தொழிலில் துணியலாம். தாங்க ஆளில்லாத வீடு படிப்பை விடக் கூடாது. நடப்பதோ தலைகீழ். தோட்டமும் தறியும் இருக்கிறவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கொட்டிச் சேர்க்கிறார்கள். படிப்பைத் தவிர வேறு வழியில்லாத வீட்டுப் பிள்ளை வாரச் சம்பளத்துக்குப் போகிறான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் ஒப்பிடவே மாட்டேன். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் ‘சுமங்கலி திட்டம்’ என்ற பெயரில் மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, கல்யாணச் செலவுக்கென்று கடைசியில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி நடந்தவற்றை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்த மூன்று ஆண்டும் ஒரு பி.எஸ்சி. படிக்கும் காலமும் ஒன்றுதான். என் தங்கை பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தாள். “படிச்சுப்போட்டுச் சோறாக்கத்தானே போறா” என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) அன்று சொன்னது வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளையின் விசைத்தறிகள் கூலி கட்டுப்படியாகாமல் நின்றபோது அந்தக் குடும்பம் ஓடியது அவளுடைய ஆசிரியர் சம்பளத்தில்தான். பள்ளிக்கூடம் சொந்த ஊரிலேயே இருந்தது, ஞாயிறு விடுமுறை இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது; திருப்பூர் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. இதற்கு மேலும் பெண்ணை மில்லுக்கு அனுப்பக் காரணம் தேடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

கலை அறிவியல் பட்டத்தை ஆண் பிள்ளைகளுக்கு இரண்டாம் தரமாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. மூன்றாண்டில் முடிகிற, செலவு குறைந்த ஒரு பி.காம். திருப்பூர்க் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுக்கும், குரூப் 2 தேர்வுக்கும், வங்கித் தேர்வுக்கும் போதும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே தகுதி என்றாலும், பட்டதாரிகளோடுதான் போட்டி போட வேண்டியிருக்கிறது. 2021-22 ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்தபோது தமிழகத்தில் அது 47 சதவீதம். வயதொத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கல்லூரிக்குள் இருக்கும் மாநிலத்தில் பட்டம் வைத்திருப்பதால் யாரும் தனித்துத் தெரிவதில்லை, இல்லாதவர்தான் தெரிகிறார். கல்யாணச் சந்தையில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பத்து ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தும் ஜாதகத்தோடு அலைகிற மாப்பிள்ளைகள் பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் எத்தனை பேர் என்று தரகர்களைக் கேட்டால் தெரியும்.

எனவே, நான் போனது வீணா என்று கேட்டால், இல்லை என்பேன். அதே கல்லூரிக்கு அதே மாதிரி இன்று ஒரு பையனை அனுப்புவேனா என்று கேட்டால் தயங்குவேன். வீட்டில் தறியோ பட்டறையோ ஓடிக்கொண்டிருக்கும் பையனுக்கு, மதிப்பெண் மிக நன்றாக இருந்து ஜி.சி.டி. போன்ற இடம் கிடைத்தாலொழிய, டிப்ளமோவும் பிறகு மாலை வகுப்பும்தான் என் தேர்வு. தொழில் பின்னணி இல்லாத வீட்டுப் பையன் சலுகைகளைக் கணக்கிட்டு, கலந்தாய்வில் கிடைக்கும் நல்ல கல்லூரியில் முழுநேரம் படிக்கலாம். கிடைப்பது பெயர் தெரியாத கல்லூரி என்றால் அரசுக் கலைக் கல்லூரி அதைவிட மேல். பன்னிரண்டாம் வகுப்போடு நேராகக் கம்பெனிக்குப் போவதை, வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாத நெருக்கடி தவிர வேறெந்த நிலையிலும் நான் சொல்ல மாட்டேன். தொழிலை இருபத்திரண்டு வயதிலும் கற்கலாம், படிப்புக்குத் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பும் முன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுவது நல்லது. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. கல்லூரியின் விளம்பரத்தை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். தரச்சான்று கல்லூரிக்கு இருக்கிறதா என்று கேட்காமல், சேரப்போகும் பாடப்பிரிவுக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முடிந்தால் விடுமுறை இல்லாத ஒரு நாளில் நேரில் போய்ப் பட்டறையையும் ஆய்வகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். லேத்தின் அடியில் இரும்புச் சுருள் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. பெயின்ட் மங்காமல் பளபளவென்று இருந்தால் அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம்.